அம்மாவோட ஒஸ்லோ போய் வந்த கணக்கு

பரந்தன் சந்தியில கடை வச்சிருக்கிறன் எண்டபடியா ஒரு விசயத்தையும் மறைக்கேலாது, போட்டோக்கொப்பி எடுக்க வாற சனம் எல்லாம் கொப்பி வாற நேரத்துக்குள்ள கேக்கிற கேள்வி இதுதான், "என்ன தம்பி, அம்மாவையும் கூட்டிக்கொண்டு நோர்வேக்குப் போய் வந்தனியாம், காணி ஏதும் வித்தனியோ?" எங்கட காணி பெர்மிட் காணி, அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில தந்தது, அதை நினைச்ச நேரத்துக்கு விக்கேலாது எண்டு கேக்கிறவைக்கும் தெரியும், எண்டாலும் கேப்பினம். ஒவ்வொருத்தருக்கும் நிண்டு கதை சொல்லிக் களைச்சுப்போய்த்தான் இதை எழுதுறன், இனிக் கேக்கிறாக்களுக்கு லிங்கை அனுப்பிவிடலாம்.

அண்ணா நோர்வேக்குப் போகேக்க நான் மூண்டாம் வகுப்பு. 1989. வடக்கு நோர்வேயில பின்மார்க் எண்டுற பக்கம் மீன் பக்டரியில நிண்டு மீன் வெட்டி, பிறகு ஒஸ்லோவுக்கு இறங்கி, இண்டைக்கும் இரவில கந்தோர் துடைக்கிற வேலைதான் செய்யிறார். அந்தக் காசிலதான் நான் படிச்சது, தங்கச்சியின்ர கலியாணம் நடந்தது, 2009க்குப் பிறகு மீளக்குடியேறேக்க இந்தக் கடைக்குக் கூரை போட்டது. அதால நான் ஒரு முடிவோடதான் வெளிக்கிட்டனான், தங்கிறது அவரிட்டைதான், ஆனா வீட்டுப் படியைத் தாண்டினா எங்கட செலவு எங்கட காசு. இதை அண்ணாவுக்கு போனில சொன்னா அந்தாள் சிரிச்சிட்டு "வா, வந்து ஒரு கோப்பி குடிச்சுப் பார்" எண்டு மட்டும் சொன்னார்.

விசாவில இருந்து தொடங்குவம், கன பேர் தடக்கி விழுற இடம் அதுதான். கொழும்பில இருந்த நோர்வே எம்பசி 2023இல மூடியாச்சு, இப்ப விஎப்எஸ் எண்டுற விசா விண்ணப்பம் எடுக்கிற கந்தோரில குடுத்தா பைல் டெல்லிக்குப் போய்த்தான் வரும். செங்கன் விசா பீஸ் வளந்தாக்களுக்கு 90 யூரோ, அதோட சேவிஸ் காசு, 30,000 யூரோவுக்கு காப்புறுதி. பயணத்துக்கு ஆறு மாசத்துக்கு முதலே குடுக்கலாம், நாங்கள் ஆவணிப் பயணத்துக்கு சித்திரை கழிய குடுத்தனாங்கள், மறுமொழி வர அஞ்சு கிழமை எடுத்தது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 500 குரோனர் காட்டவேணும் எண்டு ஒரு கணக்கு வச்சிருக்கினம். குரோனரை 30 ரூபாவா வச்சுக்கொள்ளுங்கோ, சரியா அது இல்லை, ஆனா மனக்கணக்குக்கு லேசு. அப்ப ரெண்டு பேருக்கு 12 நாளுக்கு மூண்டு லட்சத்து அறுபதாயிரம். இல்லாட்டி அங்க இருக்கிற சொந்தம் பிணை நிக்கிற படிவத்தை நிரப்பி, நோர்வே பொலிசிட்ட கொண்டுபோய் உறுதிப்படுத்தி அனுப்பவேணும். அண்ணா அதைச் செய்தவர். நான் பாங்க் ஸ்டேட்மெண்டையும் சேர்த்துத்தான் வச்சனான், கடைக்கு பதிவு இருக்கு, மனிசி பிள்ளையள் இஞ்ச இருக்கினம், திரும்பி வருவன் எண்டு அவைக்கு விளங்கோணும் பாருங்கோ.

ஆனா வன்னிச் சனத்துக்கு எண்டு தனியா ஒரு தலையிடி இருக்கு. மற்ற ஊர் ஆக்கள் காணி உறுதியைக் கொண்டுபோய் வைப்பினம், எங்களிட்ட இருக்கிறது பெர்மிட். அதை இங்கிலீசில மொழிபெயர்ப்பிச்சு, கிராம சேவையாளரிட்ட வதிவிடக் கடிதமும் எடுத்து ஒண்டா வையுங்கோ, பெர்மிட் எண்டா என்ன எண்டு நாலு வரி நீங்களே ஒரு கடிதத்தில எழுதி வையுங்கோ, டெல்லியில இருக்கிற ஆளுக்கு அது எங்க தெரியப்போகுது. அடுத்தது பிறப்புப் பத்திரம். எங்கட வீட்டுப் பெட்டி 2009 மாசி மாதம் எந்த பங்கருக்க போச்சுதோ தெரியாது, மூண்டு பேருக்கும் புதுசா பதிஞ்செடுத்தனாங்கள். எடுத்துப் பார்த்தா அண்ணான்ர பேர் இஞ்ச ஒரு எழுத்து, நோர்வே பாஸ்போட்டில இன்னொரு எழுத்து, அப்பான்ர பேர் அங்க குடும்பப் பேரா ஏறி நிக்குது. ரெண்டும் ஒரே ஆள்தான் எண்டு சத்தியக்கடதாசி முடிச்சு வச்சம். இந்த அலைச்சலுக்கு ஒரு மாசம் ஒதுக்குங்கோ. விசா வரமுதல் பிளேன் ரிக்கெற்றுக்கு காசு கட்டாதேங்கோ, ரிசேவேசன் மட்டும் காணும்.

ரிக்கெற். எல்லாரும் ஆனி ஆடியில போகத்தான் பார்ப்பினம், அப்பதான் அங்க சூரியன் இரவு பத்து, பத்தரை மட்டில விழும். நாங்கள் வேணுமெண்டே ஓகஸ்ட் கடைசியை எடுத்தம், ஏனெண்டா நோர்வேப் பள்ளிக்கூடங்கள் ஓகஸ்ட் நடுவில தொடங்கீடும், பிறகு விலை இறங்கும், குளிரும் இன்னும் தொடங்காது. ஆளுக்கு 2,65,000 முடிஞ்சது, ஒரு இடத்தில மாறி. லண்டனுக்கோ வேற எங்கையோ போய் அங்க இருந்து மலிவு பிளேன் எடுக்கிற ஆக்களுக்கு ஒண்டு சொல்லவேணும், ஒஸ்லோ எண்டு பேரைப் போட்டு டோர்ப் எண்டுற எயாப்போட்டில இறக்குவினம், அது ஒஸ்லோவில இருந்து நூறு கிலோமீற்றருக்கு மேல, பஸ் காசிலேயே மிச்சம் பிடிச்சது போயிடும். ஒஸ்லோவின்ர பெரிய எயாப்போட் கார்டமூன், அந்தப் பேர் இருக்கோ எண்டு பாருங்கோ.

இஞ்சால கட்டுநாயக்கா போறதுக்கு வான் பிடிக்க 35,000 கேட்டவை. நான் அம்மாவை ஏத்திக்கொண்டு இரவு கொழும்பு பஸ்ஸில போய் எயாப்போட் சந்தியில இறங்கி ஓட்டோ பிடிச்சனான், கன பஸ் புத்தளம் நீர்கொழும்பால தானே போகுது. அம்மாவுக்கு முழங்கால் நோ எண்டாலும் வான் காசைக் கேட்டதும் நோ கொஞ்சம் குறைஞ்சிட்டுது.

பாக்கில என்ன கொண்டுபோறது எண்டு வீட்டில ரெண்டு நாள் சண்டை. இறைச்சிச் சாமான், பால் சாமான் ஒண்டும் கொண்டுபோகேலாது, மற்றபடி மிளகாய்த்தூள், வறுத்த அரிசிமா, ஒடியல்மா, பனங்கட்டி எண்டு அம்மா அடைஞ்சா. அண்ணி எங்களை வச்சுச் சமைக்கிறதுக்கு எங்கட பங்கு அதுதான். ஒஸ்லோவில எங்கட சாமான் இல்லை எண்டில்லை, குரோன்லாண்ட் எண்டுற பக்கம் போனா முருங்கைக்காய் வரைக்கும் கிடக்குது, விலையைப் பார்த்துத்தான் அம்மா முருங்கைக்காயைத் திரும்ப வச்சவ, வச்சிட்டு எங்கட வேலியில காய்ச்சுத் தொங்கிறதை நினைச்சு பெருமூச்சு விட்டவ.

எயாப்போட்டில ஒரே தண்டவாளத்தில ரெண்டு விதமான ரெயின் ஓடுது. ப்ளைத்தோகெ எண்டுறது எக்ஸ்பிரஸ், வீ எண்டுறது சாதாரண ரெயின். நேரத்தில சில நிமிசம்தான் வித்தியாசம், காசில கிட்டத்தட்டப் பாதி. புதுசா வாறாக்கள் கண்ணுக்குப் படுற முதல் மெசினில எக்ஸ்பிரசுக்கு எடுத்துப்போட்டு ஏறுவினம். வீயைப் பாருங்கோ. நான் இவ்வளவும் படிச்சு வச்சிருக்க, அண்ணா வேலைக்கு லீவு போட்டு காரோட வந்து நிக்கிறார், அதோட என்ர முதல் நாள் பட்ஜெட் கதை முடிஞ்சுது.

அடுத்தநாள்தான் அந்தக் கோப்பி. சென்ட்ரல் ஸ்டேசனுக்குப் பக்கத்தில ஒரு கடை, ரெண்டு கோப்பி, அம்மாவுக்கு ஒரு கறுவா பனிஸ். 140 குரோனருக்குக் கிட்ட. நான் கணக்குப் பார்க்கமுதல் அம்மா பார்த்திட்டா, நாலாயிரத்து இருநூறு. "அடேய், ஒரு கூலியாளின்ர நாள் சம்பளத்தைவிடக் கூட" எண்டு சத்தமாச் சொன்னவ, நல்லவேளை ஒருத்தருக்கும் தமிழ் விளங்காது. அண்ணா அப்ப சொன்னதுதான் எனக்கு அந்த ஊரைத் திறந்துவிட்ட திறப்பு. "இஞ்ச மனிசற்ற கை படுற எல்லாத்துக்கும் விலை. ஆராவது ஊத்தித் தந்தா, வெட்டித் தந்தா, ஓட்டிக்கொண்டு போனா, கழுவினா காசு. கை படாததுக்கு ஒரு விலையும் இல்லை, தண்ணி, காடு, கடல், தீவு. நான் கந்தோர் துடைச்சு வீடு வாங்கினது எப்பிடி எண்டு நினைக்கிறாய், துடைக்கிற கைக்கும் காசு தாறாங்கள் எண்டபடியாத்தான்" எண்டார்.

யோசிச்சுப் பார்த்தா எங்கட ஊர் அப்பிடியே தலைகீழ். பத்துப் பேரை வச்சு வேலை வாங்கலாம், ஆனா குடிக்கிற தண்ணிக்கு காசு. கிணத்துத் தண்ணியில சுண்ணாம்பு, சிறுநீரக வருத்தப் பயம் எண்டு போத்தல் தண்ணியும் பில்டர் தண்ணியும்தானே கன வீடுகளில. ஒஸ்லோவில குழாயைத் திறந்தா வாறது மாரிடால் எண்டுற ஏரித் தண்ணி, நகரத்தின்ர பெரும்பங்குத் தண்ணி அங்க இருந்துதான், அந்த ஏரிக்க ஒருத்தரும் குளிக்கக் கூடாது. இரணைமடுவில ஆக்கள் மாடு குளிப்பாட்டுறதை நினைச்சன். கடையில தண்ணிப் போத்தல் வாங்கிறது அங்க விசர் வேலை, வெறும் போத்தலைக் கொண்டு திரியுங்கோ, எந்தக் குழாயிலயும் பிடிக்கலாம்.

அதுக்குப் பிறகு நாங்கள் கை படாத இடங்களாப் பார்த்துப் போகத் தொடங்கினம். முதல்ல பஸ், ரெயின், ட்ராம் எல்லாத்துக்கும் ரூட்டர் எண்டு ஒரே அப், ஒரே ரிக்கெற். தனித்தனியா ஒருக்கா ஏற 40 குரோனருக்கு மேல, 24 மணித்தியால ரிக்கெற் கிட்டத்தட்ட மூண்டு தனி ரிக்கெற் காசு, ஏழு நாளுக்கு எடுத்தா இன்னும் லாபம், 67 வயசு தாண்டின ஆக்களுக்கு பாதிக் காசு, அதுக்கு நீங்கள் நோர்வே ஆளா இருக்கத் தேவையில்லை. கேற் ஒண்டும் கிடையாது, சும்மா ஏறலாம் போலத்தான் இருக்கும், ஏறாதேங்கோ, செக் பண்ண வந்தா ஆயிரம் குரோனர் மட்டில அடிப்பாங்கள். எல்லாத்தையும்விடப் பெரிய விசயம், தீவுக்குப் போற படகும் அதே ரிக்கெற்றில அடக்கம்.

ஹூவ்டோயா எண்டொரு தீவு, மாநகரசபைக் கட்டடத்துக்கு முன்னால படகு ஏறினா பத்து நிமிசம் கூட இல்லை. 1147இல கட்டின துறவிமடத்தின்ர இடிபாடு இருக்கு, சுத்தி மரங்கள், கடல். அம்மா படகில ஏறேக்கயே கையைக் கூப்பீட்டா, அவவுக்கு படகு எண்டா குறிகட்டுவானில இருந்து நயினாதீவுக்குப் போறதுதான். அண்ணி கட்டித் தந்த புட்டும் முட்டைப்பொரியலும் அந்த இடிபாட்டுக் கல்லில இருந்து சாப்பிட்டம். செலவு பூச்சியம்.

இன்னொரு நாள் மெட்ரோ கடைசித் தரிப்பு சொங்ஸ்வான். இறங்கினா ஏரி, சுத்தி வர மூண்டு கிலோமீற்றர் சொச்சம், அதுக்கங்கால முழுக்கக் காடு. ஓகஸ்ட் கடைசி எண்டதின்ர அருமை அங்கதான் தெரிஞ்சது, நிலத்தோட நிலமா சின்னப் பத்தையள் முழுக்க புளூபெரி. ஆரும் ஆயலாம், நோர்வேயில 1957ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கு, பயிர் செய்யாத வெளியில ஆரும் நடக்கலாம், காட்டுப்பழம் ஆயலாம், வீடுகளில இருந்து 150 மீற்றர் தள்ளி கூடாரம் அடிச்சும் படுக்கலாம். அம்மா சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கீட்டா. பாலைப்பழக் காலத்தில முறிகண்டிக் காட்டுக்க போன கைதானே, பழம் ஆய ஆருக்கும் சொல்லிக்குடுக்கத் தேவையில்லை. ரெண்டு மணித்தியாலத்தில ரெண்டு ஐஸ்கிரீம் டப்பா நிறைஞ்சுது, வாயெல்லாம் நீலம். பக்கத்தில பழம் ஆய்ஞ்ச ஒரு வெள்ளைக்காரக் கிழவியும் அம்மாவும் பாசை இல்லாமலே அரை மணித்தியாலம் கதைச்சவை, என்ன கதைச்சவை எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது.

விகலண்ட் பார்க்கும் சும்மாதான், இருநூறுக்கு மேல சிலையள், இரவு பகல் எப்பவும் திறந்திருக்கும். ஒரு சிலைக்கும் உடுப்பில்லை எண்டு அம்மா தலையைக் குனிஞ்சுகொண்டு நடந்தவ, அந்த உயரக் கல்லுத் தூணில 121 மனிசர் ஒராளுக்கு மேல ஒராள் ஏறி நிக்கிறதைக் கண்ட பிறகு மட்டும் நிமிர்ந்து கனநேரம் பார்த்துக்கொண்டு நிண்டா. ஒண்டும் சொல்லேல்லை. ஒபேரா கட்டடத்துக் கூரையில ஏறி நடக்கலாம், அம்மாவின்ர காலுக்கு அது சரிவராது எண்டு நான் மட்டும் ஏறினன். அதுக்குப் பக்கத்தில 2020இல திறந்த டைக்மன் நூலகம். வயசுபோன ஆக்களோட போறாக்கள் இதைக் குறிச்சு வையுங்கோ, அம்மாவுக்கு சீனி வருத்தம், அடிக்கடி டொய்லட்டுக்குப் போகோணும், ஸ்டேசன் டொய்லட்டுக்கு காசு, நூலகத்தில சும்மா. கதிரை, சூடு, வைபை எல்லாம் இருக்கு, ஏனெண்டு ஒருத்தரும் கேக்க மாட்டினம்.

மாநகரசபைக்குள்ளயும் சும்மா போகலாம். டிசம்பர் 10 நோபல் சமாதானப் பரிசு குடுக்கிற மண்டபம் அதுதான், சுவரெல்லாம் பெரிய பெரிய ஓவியம். ஒஸ்லோ எண்ட பேரை வன்னியில தெரியாத ஆளில்லையே, 2002 சமாதான காலத்தில பேச்சுவார்த்தைக்கு நடுவில நிண்ட நோர்வேக்காரர் கிளிநொச்சிக்கு ஹெலியில வந்து இறங்கினதை நாங்கள் ரோட்டில நிண்டு பார்த்தனாங்கள். அம்மா அந்த மண்டபத்து வாங்கில இருந்துகொண்டு "உவையள் தானே அப்ப வந்து போனவை" எண்டு கேட்டா. ஓம் எண்டன். பிறகு கொஞ்ச நேரம் ஓவியத்தைப் பார்த்திட்டு கால் நோகுது வீட்ட போவம் எண்டிட்டா.

சாப்பாட்டுக் கதை சுருக்கம். ரேமா 1000, கிவி, கூப் எக்ஸ்ட்ரா, இந்த மூண்டு கடைப் பேரையும் பாடமாக்கினாக் காணும். ஞாயிற்றுக்கிழமை பெரிய கடையெல்லாம் பூட்டு, சனிக்கிழமையே வாங்கி வையுங்கோ. வெளியில சாப்பிட்டே ஆகோணும் எண்டா இருந்து சாப்பிடாமல் கட்டிக்கொண்டு போங்கோ, இருந்து சாப்பிட்டா 25 வீதம் வரி, கொண்டுபோனா 15 வீதம், அதால கன இடத்தில விலையும் ரெண்டு விதம். ரிப்ஸ் குடுக்கத் தேவையில்லை. விலை நோர்வேக்காரருக்கே தாங்காது எண்டுறதுக்கு சாட்சி வேணுமெண்டா சனிக்கிழமை சுவீடன் எல்லைக்குப் போய்ப் பாருங்கோ, இறைச்சியும் சோடாவும் வாங்க ஒஸ்லோவில இருந்து நூறு கிலோமீற்றருக்கு மேல கார் ஓடிக்கொண்டு போகினம், அதுக்கு நோர்வே மொழியில ஒரு நக்கல் பேரே இருக்கு, ஹாரிஹாண்டல் எண்டு. அண்ணாவும் மாசத்தில ஒருக்காப் போவார். வெள்ளிக்கிழமை அம்மெருட் சிவசுப்பிரமணியர் கோயிலுக்குப் போனம், பூசையும் முடிஞ்சு சோறும் சாப்பிட்டு, ஊர்ச் சனத்தில அரைவாசியைக் கண்டு, தருமபுரத்தில காணாமப்போன ஒரு பழைய பெடியனையும் தேர்ப் பிரகாரத்தில கண்டன், அது வேற கதை.

அண்ணன் தம்பி இல்லாத ஆக்கள் என்ன செய்யிறது எண்டா, ஹொஸ்டலில கட்டில் ஒண்டு எடுத்து, படுக்கை விரிப்பை ஊரில இருந்தே கொண்டுபோய், குசினி இருக்கிற இடமாப் பாருங்கோ. குசினி இல்லாத மலிவு றூம் மலிவு இல்லை.

இப்ப போத்தல் கதை. நாலாம் நாள் ரேமா வாசலில ஒராள் மெசினுக்க வெறும் பிளாஸ்டிக் போத்தலைப் போட்டுக்கொண்டு நிண்டதை அம்மா கண்டிட்டா. அங்க சோடாப் போத்தல், ரின் எல்லாத்துக்கும் பாண்ட் எண்டு ஒரு முற்பணம் எடுப்பினம், சின்னதுக்கு 2 குரோனர், பெரிசுக்கு 3, திரும்பக் குடுத்தா துண்டு வரும், அந்தத் துண்டை கவுண்டரில குடுத்தா காசு. அம்மா கேட்டா, "அப்ப ஒரு போத்தல் அறுபது தொண்ணூறு ரூவாயோ?" ஓம் எண்டன். சொல்லியிருக்கக் கூடாது. அண்டையில இருந்து பார்க்கில, பஸ் தரிப்பில, வாங்குக்குக் கீழ எங்க போத்தல் கிடந்தாலும் அம்மான்ர பாக்குக்குள்ள. பழைய இரும்பு பொறுக்கி வித்துப் பிள்ளையளைப் படிப்பிச்ச ஊர், அவவுக்கு அதில என்ன வெக்கம். அண்ணாவுக்குத்தான் முகம் சிவந்து போச்சுது, "அம்மா, என்னோட வேலை செய்யிறாக்கள் கண்டா என்ன நினைப்பினம்" எண்டு கெஞ்சினவர். "நீ மீன் வெட்டேக்க ஆரைப் பார்த்து வெக்கப்பட்டனி?" எண்டு ஒரே கேள்வி. பிறகு அந்தாள் வாய் திறக்கேல்லை, அடுத்த நாள் வேலையால வரேக்க அவரே கந்தோரில கிடந்த ரின்னுகளை ஒரு பாக்கில கட்டிக்கொண்டு வந்து அம்மாவிட்ட குடுத்தவர்.

கடைசியாக் கணக்கு. ரிக்கெற் 5,30,000. விசா, காப்புறுதி, மொழிபெயர்ப்பு, கொழும்பு அலைச்சல் 1,15,000. அங்க 12 நாளும் ரெண்டு பேரும் செலவழிச்சது 3,420 குரோனர், அதில பெரும்பங்கு பஸ் ரிக்கெற்றும் பிள்ளையளுக்கு வாங்கின ஐஸ்கிரீமும். அம்மான்ர போத்தல் வருமானம் 212 குரோனர், அதை அவ என்ர கணக்கில சேர்க்க விடேல்லை, போற நாள் பேரப்பிள்ளையின்ர கையில பொத்திக் குடுத்திட்டா. படிக்கு வெளிய அண்ணாவின்ர காசு தொடக்கூடாது எண்ட என்ர சட்டம் மூண்டு தரம் உடைஞ்சது, ரெண்டு தரம் பெற்றோல், ஒரு தரம் அவர் நான் காணாமல் என்ர ஜக்கெற் பொக்கற்றுக்க வச்ச நோட்டு, அதை நான் கட்டுநாயக்காவிலதான் கண்டுபிடிச்சன். காட் மட்டும் பாவிக்கிற ஊரில அந்தாள் அந்த நோட்டை எங்க போய் எடுத்தவரோ.

அவசரத்தில மெசினில போட மறந்த ஒரு அரை லீற்றர் போத்தல் பாக்கோட பரந்தனுக்கு வந்திட்டுது. பாண்ட் 2 குரோனர் எண்டு லேபிள் இன்னும் கழறேல்லை. அம்மா அதுக்க தண்ணி விட்டு பிரிட்ஜில வச்சிருக்கிறா, வீட்டுக்கு வாற ஆரும் அதை எடுத்தா, "கவனம், அறுபது ரூவாய்ப் போத்தல்" எண்டு சொல்லித்தான் குடுக்கிறா.